இதுல மட்டும்

புதுக் கம்ப்யூட்டர் வந்து ஒன்பது நாளாகிறது. கீபோர்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. விண்டோஸ் 10க்குத் தந்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. என்னுடைய பழைய டப்பா 11ஐத் தாங்காது என்று சென்னையில் இருக்கும் மகன் இதை வாங்கி அனுப்பிவிட்டான். பழையதைக் காயலான் கடைக்குப் போடலாமென்று தூக்கித் திருப்பியபோது, பின்பக்கம் யூஎஸ்பி ஓட்டைக்கு அருகில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். நீல மையில் இரண்டே சொல்: ‘இதுல மட்டும்’.

எழுதியவன் ஒரு கடைப் பையன். அவன் அதை எழுதும்படி ஆனதற்கு முந்தைய மூன்று நாள் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவிக்கே பாதிதான் தெரியும். மீதியை இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

எங்கள் ஊரான கப்பலூர் என்றால் மதுரைக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது டோல்கேட். ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் நெடுஞ்சாலை எங்களை உரசிக்கொண்டுதான் போகிறது. உள்ளூர் வண்டிக்குக் கட்டணம் கூடாது என்று திருமங்கலம் வட்டாரத்துக்காரர்கள் எத்தனையோ முறை மறியல் செய்திருக்கிறார்கள். நானும் ஒருமுறை வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். நியாயம் கேட்கத் தெரிந்த ஊர். அதனாலேயே இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

டோல்கேட்டை விட்டால் தியாகராஜர் மில், சிட்கோ தொழிற்பேட்டை. சிட்கோவில் ஒரு பட்டறையில் ஸ்டோரும் கணக்கும் 28 வருஷம் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு முதல் கம்ப்யூட்டர் என் வீட்டுக்குத்தான் வந்தது. அன்றிலிருந்து எனக்கு ‘கம்ப்யூட்டர் சார்’ என்று பெயர். பட்டா நகல், கரண்டு பில், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், ஹால் டிக்கெட் என்று யாராவது வாசலில் நின்றபடியே இருப்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் தொழில் கற்றது டாட் மேட்ரிக்ஸ் காலத்தில். டிவிஎஸ் பிரின்டர், ஓரத்தில் ஓட்டை போட்ட தொடர்தாள், அறை முழுக்கக் கீச்சுச் சத்தம். அந்த பிரின்டருக்கு எழுத்து தெரியும். டாஸிலிருந்து ஒரு கோப்பை அப்படியே தள்ளிவிட்டால், ‘ஏ’வுக்கு இன்ன எண், ‘பி’க்கு இன்ன எண் என்று எண்கள்தான் போகும், எழுத்துருவைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் பிரின்டர் அதைக் குத்தித் தள்ளிவிடும். கேபிளைச் சொருகு, அடி. என் வித்தை மொத்தமும் அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொண்டதுபோல் இருந்தேன்.

2020 ஜனவரி 14இல் விண்டோஸ் 7 காலாவதியானது. பொங்கல் லீவில் வந்த மகன் 10ஐ ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். 64 பிட் என்றோ என்னமோ சொன்னான், தலையை ஆட்டிவைத்தேன். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, மதுரையில் செகண்ட் ஹேண்ட் கடை ஒன்றில் 4,500 ரூபாய்க்கு லேசர் பிரின்டர் வாங்கினேன். கடைக்குப் பெயர் வேண்டாம். கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 என்று ஜெராக்ஸ் கடைகளில் பார்த்திருப்பீர்களே, அந்த ரகம்.

பையனுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். பிரின்டரை அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னான்: “சார், வீட்டுக்குப் போனதும் கேபிளைச் சொருகிராதீங்க. மொதல்ல டிரைவரை ஏத்துங்க. ‘இப்பச் சொருகு’ன்னு அதுவே கேக்கும், அப்பச் சொருகுனாப் போதும். சிடில ரெண்டு ஃபோல்டர் இருக்கு. உங்களுது எத்தன பிட்டு சார்?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்ற நாலெழுத்து வார்த்தையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் சொன்னது வேறு: “தம்பி, நான் கம்ப்யூட்டர்ல கைவைக்கிறப்ப நீ பொறந்துருக்கவே மாட்ட.”

அவன் சிரித்துக்கொண்டான். பில்லின் பின்பக்கம் நீலப் பேனாவால் மூன்று வரி எழுதிக் கொடுத்தான். பார்க்காமலே மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேபிளைச் சொருகினேன்.

திரையில் மஞ்சள் முக்கோணம் வந்தது. ஏதோ ஒரு சாமான் வந்திருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்று விண்டோஸ் கையை விரித்தது. சிடியைப் போட்டேன், முதலில் கண்ணில்பட்ட ஃபோல்டரைத் திறந்து ஓட்டினேன். இந்த விண்டோஸுக்கு இது ஆகாது என்றது. 32 பிட்டுக்காக எழுதிய மற்ற மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் ஓடும். டிரைவர் மட்டும் ஓடாது. ஊருக்குள் யாரும் வரலாம், கருவறைக்குள் எல்லோரும் நுழைய முடியாது என்கிற மாதிரி. பக்கத்திலேயே ‘64’ என்று பெயர் போட்ட ஃபோல்டர் இருந்தது. அதை நான் திறக்கவில்லை. சிடியே டுபாக்கூர் என்று முடிவுகட்டிவிட்டேன்.

‘டிரைவர் இல்லை’ என்று திரை சொல்வதை எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: “இந்த ரோட்டுல ராவும் பகலும் ஆயிரம் லாரி போகுது. உங்களுக்கு ஒரு டிரைவர் கெடைக்கலையாக்கும்?”

அவளுக்கு அன்று நான் விளக்கவில்லை. எனக்கே தெரியாததை எப்படி விளக்குவது? இப்போது தெரியும் என்பதால் சொல்கிறேன். டிரைவர் என்பது துபாஷி. புதுச்சேரியில் டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அதுபோல. துரைக்குத் தமிழ் தெரியாது, ஊர்க்காரனுக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் ஒருவர் இல்லாமல் ஒரு பேச்சும் நடக்காது. டாட் மேட்ரிக்ஸுக்காவது எழுத்து தெரியும். விலை குறைந்த இந்த லேசர்களுக்கு அதுவும் தெரியாது. பக்கத்தை எழுத்தாக இல்லாமல் புள்ளியாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஏ4 தாளுக்கு 600 டிபிஐ என்றால் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளி. அந்த வேலை முழுவதையும் கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவர்தான் செய்கிறது. மூளையைக் கம்ப்யூட்டரிடம் தள்ளிவிட்டதால்தான் பிரின்டரை மலிவாக விற்க முடிகிறது. எச்பி 1020 இன்னும் ஒரு படி மேலே: கரண்டு போய் வந்தால் தன்னை நடத்தும் மென்பொருளையே மறந்துவிடும், ஒவ்வொரு முறை போடும்போதும் டிரைவர்தான் அதை மறுபடி ஊட்ட வேண்டும். துபாஷி வராத தர்பாரில் உட்கார்ந்துகொண்டு, ‘கேபிளைச் சொருகினேனே, ஏன் அடிக்க மாட்டேன் என்கிறாய்’ என்று நான் அதட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு கூகுளில் தேடினேன். மேலாக வந்த விளம்பரத்தை அழுத்தினேன். ‘உங்கள் கம்ப்யூட்டரில் 17 டிரைவர்கள் பழையவை’ என்று சிவப்பில் பயமுறுத்தியது. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் சரிசெய்வதாகச் சொல்லிப் பணம் கேட்டது. கட்டினேன். ஆயிரத்துச் சொச்சம். பிரின்டர் அப்படியே இருந்தது. கூடவே, கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் இன்னும் பணம் கட்டச் சொல்லும் ஜன்னல் ஒன்று வந்து சேர்ந்தது. டிரைவரை பிரின்டர் கம்பெனியின் சொந்தத் தளத்தில் காசில்லாமலே தருகிறார்கள் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அந்த ஆயிரம்தான் மனைவிக்குத் தெரியாத பாதியில் முதல் பாகம்.

சனிக்கிழமை கம்பெனித் தளத்திலிருந்து 64 பிட் டிரைவரை இறக்கி ஏற்றினேன். ஏறியது. பிரின்டரின் பெயர் திரையில் வந்தது. அப்போதே ஒரு தாள் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். கேபிள் குட்டையாக இருக்கிறது, பிரின்டர் மேசையின் இந்தப் பக்கம் இருந்தால் பார்வையாக இருக்கும் என்று தோன்றியது. பின்னால் இருந்து கேபிளைப் பிடுங்கி முன்பக்க ஓட்டையில் சொருகினேன். அடி என்றேன். அடிக்கவில்லை. வேறு ஓட்டையில் சொருகினேன். அடிக்கவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தனக்கென்று வரிசை எண் சொல்லத் தெரியாத யூஎஸ்பி சாமானை விண்டோஸ் ஆளை வைத்து அடையாளம் காண்பதில்லை, நுழைகிற வாசலை வைத்துத்தான். கொல்லைப்புறமாக வந்தவன் முன்வாசலில் வந்தால் அவன் புது விருந்தாளி. அதனால் முன்னால் சொருகியதும் ‘காப்பி 1’ என்று இன்னொரு பிரின்டர் முளைத்தது. அடுத்த ஓட்டையில் ‘காப்பி 2’. நான் அடி என்று சொன்னதெல்லாம் முதல் பெயருக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த வாசலில் கேபிளே இல்லை. ஒவ்வொரு ஆணையும் ஸ்பூலர் என்னும் காத்திருப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்தது. அது நினைவகத்தில் இல்லை, வட்டில், சிஸ்டம்32க்குள் ஸ்பூல் என்ற ஃபோல்டரில் கோப்பாகவே எழுதப்படுகிறது. கம்ப்யூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் கலையாது. பின்னாளில், 2021 ஜூலையில், இந்த ஸ்பூலரில் இருந்த பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைக்க மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அந்தக் கோளாறுக்கு ‘பிரின்ட்நைட்மேர்’ என்று பெயர். படித்தபோது, இந்தப் பெயரை வைக்க என்னைக் கேட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு எதிர்வீட்டுப் பெண் வந்தாள். மறுநாள் காலை அவளுக்கு மதுரையில் ஒரு போட்டித் தேர்வு. “மாமா, பிரின்டர் வாங்கியிருக்கீங்களாமே, ஹால் டிக்கெட் மட்டும் எடுத்துக் குடுங்க” என்றாள். வாங்கிய செய்தியைத் தெருவுக்குச் சொன்னது நான்தான். பதினோரு தடவை அடி என்று கொடுத்தேன். அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி வியர்த்தது.

“வோல்டேஜ் பத்தலம்மா” என்றேன். “லேசருக்கு உள்ள சூடேத்துற ரோலர் இருக்கு. கரண்டு கொறஞ்சா அது ஏறாது.”

சொன்ன விஷயம் உண்மைதான். லேசரில் டோனர்ப் பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் உருளை நிறையக் கரண்டு இழுக்கும். அதனால்தான் அதை இன்வெர்ட்டரில் மாட்டக் கூடாது என்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் தலைக்குமேல் ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போனாள். மில்லில் ஷிப்ட் முடித்து வந்த அவள் அப்பா சட்டைகூட மாற்றாமல் அவளை வண்டியில் ஏற்றித் திருமங்கலம் போய், அடைக்க இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் கெஞ்சி எடுத்துவந்தார். அத்தோடு விட்டாரா? சாருக்கே வோல்டேஜ் இல்லையாம் என்று கரண்டு ஆபீசில் எழுதிக்கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்து, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று இறங்கினார். நான் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடை முதலாளிக்கு போன் போட்டேன். பொய் சொன்ன கோபம் எல்லாம் அவர்மேல் போனது. ஓட்டைப் பீஸைத் தலையில் கட்டிவிட்டான் உங்கள் பையன், செக் பண்ணிக் கொடுக்க வேண்டாமா, வயசானவனை இப்படித்தான் அலையவிடுவீர்களா என்று சத்தம் போட்டேன். “கோவிச்சுக்காதீங்க சார், அவனையே அனுப்புறேன்” என்றார். அன்று அவனுக்கு லீவு.

பன்னிரண்டரை மணி இருக்கும். நான் திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மனைவி கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாறு இழுத்ததில் கேபிள் கழன்று விழுந்திருக்கிறது. கழன்ற ஓட்டை எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? குனிந்து பார்த்துக் கண்ணில்பட்ட ஒன்றில், பின்பக்கத்தில், சொருகிவிட்டாள்.

பிரின்டர் உறுமிய சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். தாள் வந்துகொண்டிருந்தது. முதலில் நான் சோதித்த வெற்றுப் பக்கங்கள். பிறகு எதிர்வீட்டுப் பெண்ணின் முகம். மறுபடி அவள் முகம். மறுபடி. பதினோரு ஹால் டிக்கெட்டும் வரிசையாக வந்து விழுந்தன. அவள் அந்த நேரம் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணுமே செய்யலையே” என்றாள் மனைவி, விளக்குமாற்றோடு.

“நான் காலைல ஒரு செட்டிங் மாத்தினேன். இப்பத்தான் எடுத்திருக்கு” என்றேன்.

சாயங்காலச் சோற்றுக்கு முன்னால் அவள் துவைக்கப்போட்ட என் சட்டைப் பையைத் துழாவி, மடித்த பில்லைக் கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலமா? இல்லை, மணி ஒன்றரை கூட ஆகவில்லை. எனக்குத்தான் அந்த நாள் நீண்டதாக ஞாபகம். பில்லின் பின்னால் மூன்று வரி. டிரைவர் மொதல்ல. 64 ஃபோல்டர். கேபிளை ஓட்டை மாத்தி மாத்திச் சொருகாதீங்க.

ஆக, ஒன்றரை மணிக்கு எனக்கு எல்லாமே தெரிந்துவிட்டது. பிரின்டரில் கோளாறில்லை, சிடியில் கோளாறில்லை, பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கடை முதலாளிக்கு ஒரு போன், ‘தம்பி வர வேண்டாம், தப்பு என்னுதுதான்’ என்று ஒரு வாக்கியம். அவன் லீவு நாளில் பாதியாவது மிஞ்சியிருக்கும். போனைக் கையில் எடுத்தேன். முதலாளியின் பெயர்வரைக்கும் போனேன். காலையில் போட்ட சத்தம் காதில் கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இந்தக் கதையில் தெரியாமல் செய்த தப்புகள் நிறைய உண்டு. இது தெரிந்து செய்தது.

நாலு மணிக்கு வந்தான். மதுரையிலிருந்து பைக்கில், பிப்ரவரி என்றாலும் நல்ல வெயில். “இப்ப வேலை செய்யுதுப்பா. நீ வர்றேன்னதும் பயந்துருச்சு போல” என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பிரின்டர் பட்டியலைத் திறந்தான். மூன்று பிரின்டர். அசல், காப்பி 1, காப்பி 2. அந்தப் பட்டியலை அவன் பார்த்த நேரம் நாலு விநாடிகூட இருக்காது. பக்கத்தில் பதினோரு ஹால் டிக்கெட் அடுக்கு வேறு. தொழில் தெரிந்தவனுக்கு அதற்குமேல் வாக்குமூலம் தேவையா? என் முகத்தை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு காப்பியையும் அழித்தான். எனக்குப் பணம் கேட்டுக்கொண்டிருந்த ஜன்னலையும், நான் சொல்லாமலே, வேரோடு எடுத்தான். பிறகு பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்துக் கிழித்து, எழுதி, கம்ப்யூட்டரின் பின்னால் ஒட்டினான்.

“கேபிள் இதுலயே இருக்கட்டும் சார்.”

மனைவி காப்பி கொண்டுவந்தாள். அவன் குடித்துக்கொண்டிருக்கும்போது முதலாளியிடமிருந்து போன். நான் கேட்கும்படிதான் பேசினான்: “ஆமாண்ணே, சின்னப் பிரச்சனைதான். நாந்தான் சரியாச் செக் பண்ணாம விட்டுட்டேன். சரியாயிருச்சுண்ணே.”

எனக்குத் தொண்டைக்குள் ஏதோ வந்தது. வந்ததைக் காப்பியோடு விழுங்கினேன். பெட்ரோலுக்கு நூறு ரூபாய் நீட்டினேன். வேண்டாம் சார் என்றான்.

ஸ்டால்மேன் என்ற அமெரிக்கரைப் பற்றிப் பிறகு ஒருமுறை படித்தேன். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரின்டர் ஒன்று வந்தது. தாள் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி பழைய பிரின்டரின் மென்பொருளை அவர் திருத்தி வைத்திருந்தார். புதியதன் மூலநிரலைக் கேட்டபோது தர மறுத்தார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். இன்று லினக்ஸ் ஓடும் இடமெல்லாம் அதன் கைரேகை இருக்கிறது. பிரின்டர்மேல் கோபப்பட்டவர்கள் பட்டியலில் நானும் ஒருவன். என் கோபம் போய் இறங்கிய இடம்தான் வேறு.

ஊரடங்கெல்லாம் தளர்ந்து, டோனர் தீர்ந்து, அந்த வருஷக் கடைசியில் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். கவுன்டரில் வேறு பையன். பழையவன் எங்கே என்று கேட்டேன்.

“அவனை நிறுத்திட்டேன் சார்” என்றார் முதலாளி. “யாவாரம் இல்லாத நேரத்துல ரெண்டு ஆளு எதுக்கு? ஒருத்தனை வச்சுக்கணும்னா கவனமா இருக்கறவனைத்தான வச்சுக்க முடியும். அவன் செக் பண்ணாமக் குடுத்துருவான். உங்களுக்கே அலைச்சல் வச்சானே.”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். முதலாளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆமாம் என்று நான் சொல்வதற்காக.

தலையை ஆட்டினேன்.

டோனருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவன் பெயரைக்கூட நான் கேட்டுக்கொண்டதில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், ஒருபோதும் கேட்டதில்லை.

இப்போது புது மெஷின். 2023 செப்டம்பரிலேயே மைக்ரோசாஃப்ட், கம்பெனிகள் தனித்தனியாகத் தரும் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. புது பிரின்டர்கள் பெரும்பாலும் ஐபிபி என்ற பொதுப் பேச்சைப் பேசும். துபாஷிக்கு வேலை போகிறது. என் பிரின்டர் பழையது, அதற்கு அந்தப் பேச்சு வராது. கம்பெனித் தளத்துக்குப் போய், 64 பிட் பார்த்து, நானே இறக்கி ஏற்ற வேண்டும். எதிர்வீட்டுப் பெண் கல்யாணமாகி விருதுநகரில் இருக்கிறாள். போன வாரம் குழந்தையோடு வந்தவள், “மாமா, வோல்டேஜெல்லாம் இப்ப நல்லா வருதா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஐந்து வருஷமாக அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பழைய பெட்டியைக் காயலான் கடைக்காரர் நாளைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். டேப்பை மட்டும் உரித்து எடுக்கலாமென்று ஓரத்தில் நகத்தை வைத்தேன். பசை காய்ந்து இறுகியிருக்கிறது; எழுத்துள்ள மேல்தோல்தான் கிழிந்து வந்தது. விட்டுவிட்டேன். பிரின்டரின் கேபிள் மேசை ஓரத்தில் சுருட்டியபடி கிடக்கிறது. இன்னும் சொருகவில்லை.